கோழி ஆலையின் எடைச்சீட்டைக் கேளுங்கள்

பெறுநர்: தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியத் தலைவர், தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்குநர், உணவுப் பாதுகாப்புத் துறை ஆணையர், பெருநகர சென்னை மாநகராட்சி ஆணையர்.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம்.

கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் ஆபரேட்டராக வேலை பார்ப்பவன் நான். வேதியியல் படித்துவிட்டுத் தோல் ஆலையில் தொடங்கினேன். பிறகு சென்னைக்கு வடக்கிலும் மேற்கிலும் உள்ள கோழி இறைச்சி ஆலைகளுக்கு வந்து சேர்ந்தேன். ஈ.டி.பி. என்று நாங்கள் சொல்லும் தொட்டிகளின் ஓரத்தில்தான் என் பிழைப்பு ஓடுகிறது. வேலை பார்த்த இடங்களின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. ஓர் ஆலையை மாட்டிவிடும் ஆசை எனக்கில்லை. அதை மூடினாலும் அதே வேலை அடுத்த ஆலையில் அதே மாதிரிதான் நடக்கும், ஆலைகளிடம் கேட்கப்படும் கேள்வி மாறாதவரை.

என் கோரிக்கை இதுதான். கோழி ஆலையை அதன் கடைசித் தொட்டியில் மொண்ட ஒரு பாட்டில் தண்ணீரை மட்டும் வைத்து மதிப்பிட வேண்டாம். உள்ளே வந்த கோழிக்கும் வெளியே போன கறிக்கும் கழிவுக்கும் உள்ள எடைச்சீட்டைக் கேளுங்கள். அதுவும் ஆலை ஓடுகிற நேரத்தில், நள்ளிரவுக்கு மேல் வந்து கேளுங்கள்.

ஆலையே வேண்டாம் என்று சொல்லவில்லை. சென்னையில் கறிக்கோழி இன்றும் பெரும்பாலும் தெருமுனைக் கடையில்தான் அறுபடுகிறது. ஆடு மாடுகளுக்குப் புளியந்தோப்பு, சைதாப்பேட்டை, வில்லிவாக்கம் என்று மாநகராட்சியின் இறைச்சிக்கூடங்கள் இருக்கின்றன. கோழிக்குக் கடையில் இருக்கும் பிளாஸ்டிக் டிரம்தான் இறைச்சிக்கூடம். டிரம்முக்குள் துடித்து அடங்கும் கோழியின் இரத்தம், கடை கழுவும் தண்ணீரோடு மழைநீர் வடிகாலில் இறங்கி, ஓட்டேரி நல்லாவுக்கோ கூவத்துக்கோ பக்கிங்காம் கால்வாய்க்கோ போகிறது. ஞாயிற்றுக்கிழமை மதியம் எந்தக் கறிக்கடைத் தெருவில் நின்றாலும் இதைப் பார்க்கலாம். இறகும் குடலும் கோணிப்பையில் கட்டப்பட்டு எங்கோ போகின்றன. இந்த வேலை முறையான ஆலைக்கு மாறினால் நகரத்துக்கு நல்லதுதான். ஆயிரம் கடைகளில் சிதறும் கழிவு ஒரே கூரையின் கீழ் சேரும்போது அதைக் கையாளவும் முடியும், கணக்குக் கேட்கவும் முடியும். ஆனால் அப்படிச் சேர்கிற கழிவோடு அம்மோனியாவும், விஷவாயுத் தொட்டியும், பூட்டிய கதவுகளும் அதே கூரையின் கீழ் வந்து சேர்கின்றன. அதனால்தான் இந்த மடல்.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். ஓர் ஆலை ஓர் இரவில் 10,000 கோழிகளை அறுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கோழி ஒன்று 2 கிலோ என்றால் உள்ளே வருவது 20 டன் உயிர் எடை. இதில் கறியாகவும், சாப்பிடக்கூடிய ஈரல் போன்றவையாகவும் வெளியே போவது முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவு. மீதி 5 முதல் 6 டன் வரை இறகு, குடல், தலை, இரத்தம். கோழிக்கு 15 முதல் 25 லிட்டர் தண்ணீர் என்று பிடித்தால் ஒன்றரை லட்சம் லிட்டரிலிருந்து இரண்டரை லட்சம் லிட்டர் வரை கழிவுநீர் வரும்.

இந்தக் கழிவில் மிகப் பொல்லாதது இரத்தம். கோழியின் எடையில் ஏழெட்டு சதவீதம் இரத்தம். அறுத்ததும் அதில் ஏறக்குறைய பாதி வடிந்துவிடும். 10,000 கோழிக்கு எழுநூறு, எண்ணூறு லிட்டர் வரும். கேட்க அற்பமாகத் தெரியும். ஆனால் கழிவைத் தின்ன நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜனின் அளவை பி.ஓ.டி. என்பார்கள். வீட்டுச் சாக்கடை நீரின் பி.ஓ.டி. லிட்டருக்கு 200, 300 மில்லிகிராம் என்றால் சுத்த இரத்தத்தின் பி.ஓ.டி. ஒன்றரை லட்சம் மில்லிகிராமுக்கு மேல். அந்த எழுநூறு எண்ணூறு லிட்டர் இரத்தம் மட்டும் தண்ணீரில் கலந்தால், ஏறக்குறைய 2,500 பேர் வாழும் ஒரு குடியிருப்பின் ஒரு நாள் சாக்கடைக்கு ஈடான சுமை அந்த ஈ.டி.பி.மேல் வந்து விழுகிறது. நீர்நிலையில் விடுவதற்கான பொது வரம்பு லிட்டருக்கு 30 மில்லிகிராம் என்பது உங்களுக்குத் தெரியும். எங்கிருந்து எங்கே இறக்க வேண்டியிருக்கிறது, பாருங்கள்.

ஆகவே ஆலையின் சுற்றுச்சூழல் தலைவிதி ஈ.டி.பி.யில் தீர்மானமாவதில்லை. கோழி அறுபடும் இடத்தில், இரத்தம் வடியும் தொட்டியின் அடியில் தீர்மானமாகிறது. ஒழுங்காகக் கட்டிய தொட்டியின் அடியில் இரண்டு ஓட்டைகள் இருக்கும். ஒன்று இரத்தத் தொட்டிக்குப் போகும். இன்னொன்று ஈ.டி.பி.க்குப் போகும். வேலை நடக்கும்போது இரண்டாவது ஓட்டை மூடியிருக்க வேண்டும். வேலை முடிந்ததும், உறைந்து கெட்டியான இரத்தத்தை வைப்பரால் தள்ளி இரத்தத் தொட்டியில் சேர்த்துவிட்டு, அதன் பிறகுதான் அந்த மூடியைத் திறந்து ஹோஸ் பிடிக்க வேண்டும். அவ்வளவுதான் வித்தை. கை அகல ரப்பர் மூடி ஒன்று.

அந்த மூடி எப்போது கழற்றப்படுகிறது? இரத்தம் எடுக்க வரவேண்டிய வண்டி வராத இரவில் கழற்றப்படுகிறது. இரத்தத் தொட்டி நிறைந்துவிட்ட இரவில் கழற்றப்படுகிறது. வைப்பர் பிடித்துத் தள்ள ஆள் இல்லாமல் இரண்டு ஆள் வேலையை ஒருவர் பார்க்கும் இரவிலும் கழற்றப்படுகிறது. ஹோஸைப் பிடித்தால் பத்து நிமிடத்தில் தரை பளிச்சென்று ஆகிவிடும், சூப்பர்வைசர் திட்டவும் மாட்டார். அப்புறம் லைன் வேகம். அறுத்த கோழி கொக்கியில் தொங்கியபடி ஒன்றரை நிமிடமாவது இரத்தம் வடிய வேண்டும். ஆர்டர் அதிகம் என்று லைனை வேகமாக ஓட்டினால் அந்த நேரம் குறையும். வடியாத இரத்தம், இறகு பிடுங்குவதற்காகக் கோழியை முக்கும் வெந்நீர்த் தொட்டியில் கலக்கும். அதைத் தடுக்க எந்த மூடியும் இல்லை.

விடியற்காலை மூன்று மணிக்கு ஈ.டி.பி. ஓரத்தில் நின்றால் இதெல்லாம் கண்ணுக்குத் தெரியும். முதல் தொட்டிக்குள் வரும் தண்ணீர் அதுவரை சாம்பல் நிறத்தில் இறகுத் துணுக்குகளோடு வந்துகொண்டிருக்கும். திடீரென்று கருஞ்சிவப்பாகும். அடுத்த சில மணி நேரத்தில் ஏரேஷன் தொட்டியில் பழுப்பு நுரை எழும்பி நடைபாதை வரை வழியும். அந்தத் தொட்டியில் கழிவைத் தின்று தண்ணீரைச் சுத்தம் செய்யும் நுண்ணுயிர்கள் மூச்சுவிட, கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராமாவது வேண்டும். இரத்தம் வந்த இரவில் அது சரசரவென்று பூஜ்யத்தை நோக்கி இறங்கும். அந்த நேரத்தில் தொட்டிக்குள் காற்றை ஊதும் இரண்டாவது ப்ளோயரையும் போட வேண்டும். மின் கட்டணத்துக்குப் பயந்து இருக்கிற ஒரு ப்ளோயரையும் நிறுத்தச் சொல்லும் இடங்கள் உண்டு. நுண்ணுயிர் செத்தால் திரும்ப வளர வாரக்கணக்கில் ஆகும். அதுவரை அந்த ஆலை வெளியே விடுவது சுத்திகரித்த தண்ணீர் என்று பெயர் மட்டும் கொண்ட தண்ணீர்.

சரி, பகல் பதினொரு மணிக்கு வந்து கடைசித் தொட்டியில் ஒரு பாட்டில் மொண்டால் என்ன தெரியும்? பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. ஆலை தூங்குகிற நேரம் அது. போர் தண்ணீர் கலந்து கடைசித் தொட்டியைத் தெளிவாக்குவது ஒரு வால்வு திறக்கும் வேலை. பி.ஓ.டி. விடை வர 27 டிகிரியில் மூன்று நாள் ஆகும். மூன்று நாளில் எத்தனை இரவு போய்விடும்!

எடைச்சீட்டு அப்படியில்லை. ஆலை தன் பணத்துக்காக எழுதும் கணக்கு அது. பல்லடம் பக்கமிருந்தோ ஆந்திர எல்லையிலிருந்தோ வரும் ஒவ்வொரு லாரியும் எடைமேடையில் ஏறி இறங்குகிறது. பண்ணைக்காரருக்குப் பணம் கொடுக்க அந்தச் சீட்டு வேண்டும். கறி வெளியே போகும்போதும் கிலோ கணக்கில்தான் பில் போடுகிறார்கள். இந்த இரண்டு எடைக்கும் நடுவில் இருப்பது கழிவு. அந்தக் கழிவை எடுத்துக்கொண்ட ரெண்டரிங் ஆலை (கழிவை வேகவைத்துத் தீவன மாவாக்கும் ஆலை), இத்தனை கிலோ பெற்றுக்கொண்டேன் என்று கொடுக்கும் ரசீது மூன்றாவது சீட்டு. மூன்றையும் ஒரு மேசைமேல் வைத்துக் கூட்டிக் கழித்தால் போதும். 6 டன் கழிவு வந்திருக்க வேண்டிய இரவில் 3 டன்னுக்குத்தான் ரசீது இருக்கிறது என்றால் மீதி 3 டன் எங்கே போனது என்று கேட்கலாம். வெந்நீரில் நனைந்த இறகு தன் எடையைவிட அதிகமாகவே எடை காட்டும். எனவே ரசீது கூடினால்கூட நியாயம், குறைந்தால் நியாயமே இல்லை. இரத்தத்துக்குத் தனி ரசீது கேளுங்கள். 10,000 கோழி அறுத்த இரவில் இரத்தத்துக்கு ரசீதே இல்லை என்றால் அது எந்த ஓட்டை வழியாகப் போனது என்று கண்டுபிடிக்க ஆய்வகம் தேவையில்லை.

இதோடு ஈ.டி.பி.க்குத் தனி மின் மீட்டர் கட்டாயம் வேண்டும். ப்ளோயர் எந்த மணி நேரத்தில் ஓடியது, எப்போது நின்றது என்று மீட்டர் சொல்லும். கிண்டியில் உள்ள வாரியத்தின் கண்காணிப்பு மையத்துக்குப் பெரிய தொழிற்சாலைகளின் அளவீடுகள் இணையம் வழியாக வருகின்றன. நடுத்தரக் கோழி ஆலைகளின் ப்ளோயர் மீட்டரையும் கரைந்த ஆக்சிஜன் அளவையும் அதே மாதிரி இணைத்தால், நீங்கள் கிண்டியில் உட்கார்ந்தபடியே எங்கள் இரவைப் பார்க்கலாம்.

வண்டியில் ஏறிய கழிவு எங்கே இறங்குகிறது என்பது அடுத்த கேள்வி. நல்ல வழி ஒன்று இருக்கிறது. இறகு கெரட்டின் என்ற புரதம். சும்மா குழியில் புதைத்தால் மாதக்கணக்கில் மட்காது. மூடிய கொதிகலனில் 133 டிகிரி சூட்டில், காற்றழுத்தத்தைப்போல் மூன்று மடங்கு அழுத்தத்தில், இருபது நிமிடம் வேகவைத்தால் நோய்க்கிருமி செத்து, இறகும் குடலும் தீவன மாவாகவும் கொழுப்பாகவும் பிரியும். கேரளத்தில் கடைக் கழிவையே மாவட்ட வாரியாக ரெண்டரிங் ஆலைக்குக் கொண்டுபோகும் ஏற்பாட்டைப் பரவலாகச் செய்திருக்கிறார்கள். அங்கேயே சில இடங்களில் துர்நாற்றம் தாங்காமல் மக்கள் போராட்டத்தில் இறங்கினார்கள் என்பதையும் நாம் கணக்கில் எடுக்க வேண்டும். அழுகிய சரக்கை வேகவைத்தால் நாற்றம்தான் வரும். நம் ஊர் மே மாத வெயிலில் கோழிக் குடல் சில மணி நேரம்கூடத் தாங்காது. எனவே குளிரூட்டிய மூடிய வண்டி, வந்த சரக்கை அன்றே வேகவைக்கும் விதி, வெளியேறும் ஆவியைக் கழுவி வடிகட்டும் அமைப்பு, இந்த மூன்றும் இல்லாத ரெண்டரிங் ஆலைக்கு இசைவாணை தரக்கூடாது. மாதவரத்தில் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமே இருக்கிறது. இறைச்சி அறிவியல் படித்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். அவர்களைக் கேட்டு இந்த நகரத்துக்கு ஏற்ற அளவில் ஒரு திட்டம் வரையச் சொல்லலாம்.

கெட்ட வழிகள் நிறைய. ஏரிக்கரையில், வெளிவட்டச் சாலை ஓரத்தில், பட்டா இல்லாத பள்ளத்தில் கொட்டிவிட்டுப் போகும் வண்டிகள் இருக்கின்றன. தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்க்கும் குட்டைகளுக்குத் தீவனமாகப் போகும் குடலும் உண்டு. அந்த மீன் வெள்ளத்தில் தப்பி ஏரிக்குள் நுழைந்தால் நாட்டு மீனைத் தின்று தீர்த்துவிடும். கொட்டிய இடத்தில் நாய்களும் பருந்துகளும் கூடுகின்றன. விமான நிலையத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் பிராணிகளை அறுப்பதும் கழிவு கொட்டுவதும் கூடாது என்று 1937-ஆம் ஆண்டு விமான விதிகளின் 91-ஆவது விதி சொல்வதற்குக் காரணமே அந்தப் பருந்துகள்தான். மீனம்பாக்கத்திலிருந்து 10 கிலோமீட்டர் வட்டம் போட்டுப் பாருங்கள். பல்லாவரம், பம்மல், கிண்டி, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஒரு பகுதி எல்லாம் அதற்குள் வருகின்றன.

இனி ஆளைக் கொல்லும் விஷயத்துக்கு வருகிறேன். மேலே சொன்னதெல்லாம் மெல்லக் கெடுக்கும். இது நிமிடத்தில் கொன்றுவிடும்.

இரத்தமும் கொழுப்பும் இறகும் காற்றில்லாமல் தேங்கிய தொட்டியில் ஹைட்ரஜன் சல்ஃபைடு உண்டாகிறது. அழுகிய முட்டை நாற்றம் என்று எல்லாருக்கும் தெரியும். பலருக்குத் தெரியாதது, காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கை எட்டினால் அந்த வாயு மூக்கையே மரத்துப்போகச் செய்துவிடும் என்பது. நாற்றம் போய்விட்டது, இனி இறங்கலாம் என்று நினைக்கும் நேரம்தான் சாவு நேரம். ஐந்நூறைத் தாண்டினால் சில நிமிடங்களில் ஆள் சுருண்டு விழுவார். அவரைத் தூக்க அடுத்தவர் இறங்குவார். அவரும் விழுவார். நம் செய்தித்தாள்களில் இரண்டு பேர், மூன்று பேர் என்று சேர்ந்தே வரும் சாவுகளின் கதை இதுதான்.

மோட்டார் அடைத்துக்கொண்டது, இறங்கி இறகை எடு என்று இரவில் ஒரு குரல் வரும். இறங்குகிறவர் பெரும்பாலும் ஒடிசாவிலிருந்தோ ஜார்க்கண்டிலிருந்தோ வந்த பையன். தொட்டியின் மேல் தமிழிலும் ஆங்கிலத்திலும் அபாயம் என்று எழுதியிருக்கிறது. அவனுக்கு இரண்டும் வாசிக்கத் தெரியாது. வாயு அளக்கும் மீட்டர் ஆபீஸ் அலமாரியில் பூட்டிக் கிடக்கும், சாவி பகல் ஷிப்ட் மேனேஜரிடம் இருக்கும். ஓர் இரவு அப்படி இறங்கப் போன ஒருவரைச் சட்டையைப் பிடித்து நான் இழுத்து நிறுத்தியிருக்கிறேன். அடைத்த மோட்டாரை மறுநாள் காலை கிரேன் வைத்து மேலே தூக்கிச் சரிசெய்தார்கள். அந்த இரவு அந்த மோட்டார் ஓடாமல் இருந்தும் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஏன் முதலிலேயே மேலே தூக்கும்படி சங்கிலி போட்டு அமைக்கவில்லை? ஆள் இறங்கத் தேவையே இல்லாதபடி தொட்டியைக் கட்ட முடியும். கட்டும்போதே வரைபடத்தில் அதைக் கேட்டுவிட்டால் செலவும் பெரிதல்ல.

மலக்குழி மரணத்துக்கு இழப்பீடு 10 லட்சம் என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் சொன்னது. 2023-இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. ஆலைக்குள் இருக்கும் கசடுத் தொட்டியில் சாகிற உயிருக்கும் அதே மதிப்பை ஆலைக்காரர் உணரும்படி செய்ய வேண்டியது உங்கள் கையில் இருக்கிறது. இராணிப்பேட்டை சிப்காட்டில் 2015 ஜனவரி 31 அன்று அதிகாலை தோல் கழிவுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் உட்பட 10 பேர் இறந்தார்கள். தோலிலிருந்து இந்தத் தொழிலுக்கு வந்தவன் என்பதால் அந்தச் செய்தி என்னை விட்டுப் போகவே இல்லை. கசடுத் தொட்டி பக்கத்தில் ஆட்களைத் தங்கவைக்கும் ஷெட் இருக்கிறதா என்று எந்த ஆலைக்குப் போனாலும் முதலில் பார்ப்பேன். பல இடங்களில் இருக்கிறது.

அம்மோனியாவைப் பற்றிச் சென்னைக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2023 டிசம்பர் 26 நள்ளிரவை நெருங்கும்போது எண்ணூர் பெரியகுப்பம் கரையில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனைக்குப் போனார்கள். கண் எரிய, மூச்சு முட்ட, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். அது உர ஆலைக்குப் போகும் குழாய். கோழி ஆலையின் குளிர்பதன அறைக்குள் ஓடுவதும் அதே அம்மோனியாதான். ஆலையில் இருப்பது ஓரிரண்டு டன், சில இடங்களில் இன்னும் கொஞ்சம் அதிகம். அபாயகரமான ரசாயனங்களுக்கான 1989-ஆம் ஆண்டு விதிகளின் கடுமையான பிரிவுகள் பல பத்து டன் இருந்தால்தான் பாயும். அந்த வரம்புக்குக் கீழே இருக்கிற ஆலை, சுவரை ஒட்டி வீடுகள் இருந்தாலும், ஊருக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்துவிட முடிகிறது. காற்றில் பத்து லட்சத்தில் 300 பங்கு இருந்தாலே உயிருக்கு ஆபத்து என்கிற வாயு அது. ஒரு டன் கசிந்தால் பக்கத்துத் தெருவுக்குப் போதும்.

குளிர்பதன அறையில் விபத்து அதிகம் நடக்கும் வேலை எது என்று எந்த ரெஃப்ரிஜரேஷன் மெக்கானிக்கைக் கேட்டாலும் சொல்வார்: தொட்டியின் அடியில் சேரும் எண்ணெயை வடிப்பது. எண்ணெய் வருகிறதே என்று வால்வைத் திறந்துவிட்டு அந்தப் பக்கம் போய்விட்டால், எண்ணெய் முடிந்ததும் திரவ அம்மோனியா பீறிடும். கையை எடுத்தால் தானே மூடிக்கொள்ளும் வால்வு கடையில் கிடைக்கிறது. அதைப் போட்டிருக்கிறார்களா என்று ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம். கூரைமேல் காற்றுத் திசை காட்டும் துணிப்பை பறக்கிறதா, சைரன் வேலை செய்கிறதா, சைரன் கேட்டால் காற்றுக்குக் குறுக்காக எந்தப் பக்கம் நகர வேண்டும், ஈரத்துணியை எப்படி மூக்கில் கட்ட வேண்டும் என்று சுற்றியுள்ள தெருக்காரர்களுக்கு யாராவது சொல்லியிருக்கிறார்களா என்று கேளுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை, ஓர் இரவில், ஊர்க்காரர்களோடு சேர்ந்து ஒத்திகை நடத்தச் சொல்லுங்கள்.

உலகத்தில் கோழி ஆலைகளில் நடந்த பெரிய சாவுகள் எல்லாம் ஏற்கெனவே எழுதி வைக்கப்பட்டிருக்கின்றன. 1991 செப்டம்பர் 3 அன்று அமெரிக்காவின் வடக்கு கரோலினா மாநிலம் ஹாம்லெட்டில் ஒரு கோழி ஆலை எரிந்து 25 பேர் இறந்தார்கள். கதவுகள் பூட்டியிருந்தன. பதினொரு ஆண்டுகளாக ஓடிய அந்த ஆலைக்குள் பாதுகாப்பு ஆய்வு ஒருமுறைகூட நடக்கவில்லை. 2013 ஜூன் 3 அன்று சீனாவின் ஜீலின் மாகாணத்தில் கோழி ஆலை தீயில் 120 பேருக்குமேல் இறந்தார்கள். அங்கும் பூட்டிய கதவு, நுரைப் பலகைச் சுவர், அம்மோனியா. 2021 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலம் கெயின்ஸ்வில்லில் உறையவைக்கும் அறையில் திரவ நைட்ரஜன் கசிந்து 6 பேர் இறந்தார்கள். ஆக்சிஜன் குறைவதைச் சொல்லும் கருவி அங்கே இல்லை. என்ன ஆயிற்று என்று பார்க்க ஒருவர் பின் ஒருவராக உள்ளே போனார்கள். நம் ஆலைகளிலும் கறி திருட்டுப் போகிறது என்று பின் கதவைப் பூட்டி வைக்கும் வழக்கம் இருக்கிறது. நம் குளிர் அறைகளின் சுவரும் அதே நுரைப் பலகைதான். இரவில் வந்தால் எந்தக் கதவு பூட்டியிருக்கிறது என்று தள்ளிப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். பகலில் எல்லாக் கதவும் திறந்திருக்கும்.

உணவுப் பாதுகாப்புத் துறைக்கு ஒரு வார்த்தை. கறி 4 டிகிரிக்குக் குளிர்ந்ததா என்று பார்ப்பதோடு கசடையும் பாருங்கள். கொலிஸ்டின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்தை உணவுக்காக வளர்க்கும் கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் தரக்கூடாது என்று மத்திய அரசு 2019 ஜூலையில் தடை போட்டது, கடைசி மருந்தும் கிருமிக்குப் பழகிவிடக் கூடாது என்பதற்காகத்தான். கோழிக்குடலில் பழகிய கிருமி கறியில் வராவிட்டாலும் கசடில் வந்து, எருவாக லாரியில் ஏறி, கீரைப் பாத்திக்குப் போகிறது. முறையாக மக்காத கசடு ஆலையை விட்டு வெளியே போகக் கூடாது.

நான்கு அலுவலகங்களுக்கும் சேர்த்து ஏன் எழுதுகிறேன் என்றால், இரத்தம் ஒரு துறை, அம்மோனியா இன்னொரு துறை, கறி மூன்றாவது துறை, வெளியே கொட்டியது மாநகராட்சி அல்லது ஊராட்சி என்று பிரிந்து கிடக்கிறது. ஆலைக்குள் அப்படிப் பிரிவு இல்லை. லைனை வேகமாக ஓட்டச் சொன்ன அதே இரவில்தான் இரத்தம் தொட்டியில் வழிகிறது, மோட்டார் அடைக்கிறது, பையன் குழிக்குள் இறங்குகிறான், கத்தி கையில் வெட்டுகிறது, பின்கதவு பூட்டியிருக்கிறது. ஒரு குழுவாக, சொல்லாமல், இரவு இரண்டு மணிக்கு வந்தால் எல்லாவற்றையும் ஒரே நடையில் பார்த்துவிடலாம். கேட்க வேண்டியவை அன்றைய எடைச்சீட்டுகள், ப்ளோயர் மீட்டர், வாயு மீட்டர் எங்கே இருக்கிறது, அதைக் கடைசியாக எப்போது சரிபார்த்தார்கள் என்பவைதான்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியதைப் பார்த்தோம். திறந்தவெளிக் கசடுப் படுகைகளும் நிறைந்த தொட்டிகளும் வைத்திருக்கும் கோழி ஆலைகள் கொசஸ்தலை ஆற்றுப் படுகையிலும், புழல் ஏரிக்குத் தண்ணீர் வரும் வழிகளுக்குப் பக்கத்திலும் இருக்கின்றன. முதல் கூட்டாய்வு செப்டம்பர் முடிவதற்குள் நடக்க வேண்டும். படுகைகளுக்குக் கூரையும், தொட்டிகளைச் சுற்றி வெள்ளம் புகாத வரப்பும் மழைக்கு முன்பே வந்துவிட வேண்டும். ஆலை வாசலில் பெயர் சொல்லாமல் புகார் தரக்கூடிய ஓர் அரசுத் தொலைபேசி எண்ணைத் தமிழ், இந்தி, ஒடியா, வங்காளம் ஆகிய மொழிகளில் எழுதி வைக்க உத்தரவிடுங்கள். குழு வரும்போது எந்தத் தொட்டியின் எந்த மூடியைத் தூக்கிப் பார்க்க வேண்டும் என்று காட்ட என்னைப் போன்ற ஆபரேட்டர்கள் தயாராக இருக்கிறோம். எங்கள் வேலை போகாது என்று எழுத்தில் ஓர் உறுதி மட்டும் தாருங்கள்.

இப்படிக்கு,
ஓர் ஈ.டி.பி. ஆபரேட்டர்,
செங்குன்றம்.